பன்னிரண்டாவது வித்தியாசம்

நான் கணினி சொல்லிக்கொடுத்த அறையை நினைத்தால் முதலில் வருவது அதன் நாற்றம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மாட வீதியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் பயிற்சி நிலையம் இருந்தது. மூன்று கணினிகள், அறுபது மாணவர்கள். கணினிக்குத் தூசி ஆகாது என்று ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்து, தரையில் சிவப்புக் கம்பளம் ஒட்டி, ஏசி போட்டிருந்தார்கள். ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீரில் கம்பளத்தின் ஒரு மூலை எப்போதும் நனைந்தே கிடக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிற கால்கள் நாள் முழுக்க அதை மிதிக்கும். பௌர்ணமிக்கு மறுநாள் இன்னும் மோசம். கிரிவலம் வருகிறவர்களுக்கு எங்கள் உரிமையாளர் மாடிக் கழிவறையை வாடகைக்குத் திறந்துவிடுவார். அவர்கள் பைகளை வைத்துக்கொள்ள வகுப்பறையையும் கொடுத்துவிடுவார். காலையில் நான் போய்ப் பார்த்தால் கம்பளம் முழுக்க ஈரக்கால் தடம், வாழைப்பழத் தோல், விசைப்பலகைக்குள் விபூதி. அந்த வாடையிலேயே உட்கார்ந்துகொண்டு 'இயங்குதளம் என்றால் என்ன' என்று பாடம் நடத்துவேன். இன்றைக்கும் ஏதாவது அலுவலகத்தில் ஈரக் கம்பளத்தின் வாடை வந்தால் எனக்குக் குமட்டும். அதற்கு முழுக் காரணமும் கம்பளம் இல்லை.

நான் அரசு கலைக் கல்லூரியில் கணிதம் படித்தவன். வேலூரில் ஆறு மாதம் டாஸ் கற்றுக்கொண்டு வந்தேன். டாஸ் என்பது அப்போதைய கணினிகளை இயக்கிய அடிப்படை மென்பொருள், அதாவது இயங்குதளம். சுட்டி கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு குறி மின்னிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். 'டிர்' என்று அடித்தால் ஃபைல்களின் பட்டியல் வரும். 'டெல்' என்று அடித்துப் பெயரைக் கொடுத்தால் ஃபைல் அழியும். தெரியாமல் அழித்துவிட்டால் 'அன்டிலீட்' என்று ஒன்று இருந்தது. அது அழிந்த ஃபைலின் முதல் எழுத்தைக் கேட்கும், சொன்னால் பெரும்பாலும் மீட்டுக் கொடுத்துவிடும். இவ்வளவும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

உரிமையாளர் அதற்கு முன்பு தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். வெள்ளிக்கிழமை தவறாமல் மூன்று திரைகளுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். ஒருநாள் வாசலில் புதுப் பலகை மாட்டினார். அதில் டாஸுக்குக் கீழே யூனிக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தின் பெயரும் எழுதியிருந்தது.

"யூனிக்ஸ் மெஷின் நம்மகிட்ட இல்லையே சார்" என்றேன்.

"பின்னாடி தெருக்காரன் போர்டுல போட்டுட்டான் தம்பி. நம்மளும் போடலைன்னா அட்மிஷன் கம்மியாயிடும்."

"போட்டுட்டு எதைக் காட்டுறது?"

"ஸ்கிரீன் கறுப்பா இருந்தாப் போதாதா? எவன் யூனிக்ஸைப் பார்த்திருக்கான் இந்த ஊர்ல? நீ பார்த்திருக்கியா?"

நான் பார்த்ததில்லை. சென்னையில் படித்துக்கொண்டிருந்த நண்பன் ஒருவன் ஒரு யூனிக்ஸ் புத்தகத்தின் சில அத்தியாயங்களை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினான். தடித்த புத்தகத்தை அமுக்கிப் பிடிக்காமல் எடுத்ததால் பல பக்கங்களில் வலது ஓரம் கறுத்து, வரிகளின் கடைசிச் சொற்கள் காணாமல் போயிருந்தன. அதை வைத்துக்கொண்டு நான் ஒரு காரியம் செய்தேன். அப்போது அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

டாஸில் பல கட்டளைகளைச் சேர்த்து ஒரு சின்ன ஃபைலில் எழுதி, அதற்கு நாம் விரும்பும் பெயரை வைக்கலாம். அந்தப் பெயரை அடித்தால் உள்ளே இருக்கும் கட்டளைகள் நடக்கும். யூனிக்ஸில் பட்டியலுக்கு 'எல்எஸ்' என்று புத்தகத்தில் இருந்தது. நான் 'எல்எஸ்' என்ற பெயரில் ஒரு ஃபைல் எழுதி, அதற்குள் 'டிர்' என்று போட்டேன். அழிப்பதற்கு அங்கே 'ஆர்எம்'. அந்தப் பெயரில் இன்னொரு ஃபைல், உள்ளே 'டெல்'. திரையில் மின்னும் குறியையும் யூனிக்ஸில் இருப்பதுபோல டாலர் குறியாக மாற்றினேன். இப்படி முப்பது கட்டளைகள். மூன்றாவது கணினி யூனிக்ஸ் கணினி ஆகிவிட்டது. உரிமையாளர் அதற்கு மட்டும் தனியாக ஒரு மஞ்சள் துணி உறை தைத்து வந்தார்.

அடுத்து அவருக்கு ஒரு கையேடு வேண்டியிருந்தது. டாஸுக்கும் யூனிக்ஸுக்கும் உள்ள வித்தியாசங்களை இரண்டு பத்தியாகப் போட்ட அட்டவணைதான் அதில் முக்கியம். பின்தெரு நிலையத்தின் கையேட்டில் பத்து வித்தியாசங்கள் இருந்தன.

"நமக்குப் பன்னெண்டு வேணும்" என்றார்.

பதினொன்று வரைக்கும் ஜெராக்ஸிலிருந்து எடுத்துவிட்டேன். அவை சரியானவைதான். டாஸ் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் வேலை செய்யும், யூனிக்ஸ் பலருக்குச் செய்யும். டாஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, யூனிக்ஸில் வேறு வேறு. ஏழாவதாக, ஒரு ஃபைலைப் பிரதியெடுத்தால் டாஸ் 'ஒரு ஃபைல் பிரதியெடுக்கப்பட்டது' என்று சொல்லும், யூனிக்ஸ் வேலை சரியாக முடிந்தால் ஒன்றுமே சொல்லாது என்று எழுதினேன்.

பன்னிரண்டாவதற்கு எதுவும் கிடைக்கவில்லை. அழிந்ததை மீட்பது எப்படி என்று போடலாமே என்று தோன்றியது. டாஸ் பக்கத்தில் 'அன்டிலீட்' என்று எழுதிவிட்டேன். யூனிக்ஸ் பக்கம் காலியாக இருந்தது. ஜெராக்ஸைப் புரட்டினேன். 'ஆர்எம்' கட்டளை வருகிற பக்கத்தில், கட்டளைக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு 'ஆர்' என்ற எழுத்தைச் சேர்த்து ஒரு டைரக்டரியின் பெயரைக் கொடுக்கலாம் என்று இருந்தது. டைரக்டரி என்றால் ஃபைல்களைப் போட்டு வைக்கும் அறை. அந்த 'ஆர்' எதற்கு என்று சொல்லும் வரி ஆங்கிலத்தில் ஆர், இ, சி என்ற மூன்று எழுத்துகளோடு நின்று, மீதி கறுப்பில் மறைந்துபோயிருந்தது. அந்த மூன்று எழுத்தில் தொடங்கும் சொற்களில் எனக்கு உடனே ஞாபகம் வந்தது 'ரெகவர்', அதாவது மீட்டல்.

அது சந்தேகம் என்று எனக்குத் தெரியும். அழிக்கிற கட்டளையை வைத்தே எப்படி மீட்பார்கள் என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்தேன். நண்பனுக்கு ஒரு தபால் அட்டை எழுதியிருந்தால் ஒரு வாரத்தில் பதில் வந்திருக்கும். அச்சகத்துக்கு அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டும் என்று உரிமையாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். எழுதிக் கொடுத்துவிட்டேன். கொடுத்ததோடு நிற்கவில்லை. அட்டவணையில் போட்டது கணினியிலும் நடக்க வேண்டுமே என்று, என் போலி 'ஆர்எம்' ஃபைலுக்குள் போய், பின்னால் 'ஆர்' வந்தால் அன்டிலீட் ஓடும்படி மாற்றி எழுதினேன். மூன்றாவது கணினியில் மாணவர்கள் அதை அடித்தார்கள். அழிந்த ஃபைல் முதல் எழுத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த மாணவர்களில் ஒரு அக்கா இருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். வணிகவியல் பட்டம், தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு மேல்நிலை. அவர் அண்ணன் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். மதியத் தொழுகையை முடித்துவிட்டு இரண்டரை மணி வகுப்புக்கு வருவார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன், அவர் என்னை சார் என்று கூப்பிட்டார். மற்றவர்கள் கட்டளைகளை மனப்பாடம் செய்வார்கள். அவர் ஒவ்வொன்றையும் அடித்துப் பார்த்து, நடந்ததைக் கட்டளைக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்வார். கையேட்டின் பன்னிரண்டாவது வரிக்குப் பக்கத்திலும் 'பார்த்தேன், வந்தது' என்று பென்சிலில் எழுதிக்கொண்டார்.

படிப்பு முடிந்த ஆறு மாதத்தில் அவருக்கு ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே உண்மையான யூனிக்ஸ் கணினி, நான்கு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து அடிக்க நான்கு முனையங்களோடு. எங்கள் நிலையத்திலிருந்து யூனிக்ஸ் வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். உரிமையாளர் இதைத் தட்டியில் எழுதி வாசலில் வைத்தார். அக்கா பால்கோவா வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, வகுப்பு தொடங்கும் முன் வந்தார். கையில் கையேடு இருந்தது. உட்காரவில்லை.

"சார், ஒரு சந்தேகம்" என்றார்.

"சொல்லுங்க அக்கா."

"போன வாரம் பழைய மார்க் ஃபைல் ஒண்ணை அழிக்கப் போயி, ஒரு எழுத்து மாறிப் புது ஃபைலை அழிச்சிட்டேன். ஒரு டிபார்ட்மெண்ட் மார்க். எடுத்துடலாம்னு தைரியமாத்தான் இருந்தேன். இதுல போட்டிருக்கிற மாதிரி ஆர்எம், கோடு, ஆர், டைரக்டரி பேரு. அப்படியே அடிச்சேன்."

"அப்புறம்?"

"முதல் எழுத்தைக் கேக்கும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். கேக்கலை. ஒண்ணுமே சொல்லலை. வேலை முடிஞ்சா யூனிக்ஸ் ஒண்ணும் சொல்லாதுன்னு ஏழாவதுல நீங்க எழுதியிருக்கீங்க இல்ல, அதனால வந்துடுச்சுன்னு நினைச்சேன். எல்எஸ் போட்டுப் பார்த்தா டைரக்டரியே இல்லை. எல்லா டிபார்ட்மெண்ட்டும் போச்சு சார். மூணு மாசம் நாலு பேர் அடிச்சது."

அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கறுத்த ஜெராக்ஸ் பக்கம் கண்முன் வந்தது. அதைச் சொல்லியிருக்கலாம்.

"கோட்டுக்கு முன்னாடி ஸ்பேஸ் விட்டீங்களா?" என்று கேட்டேன்.

"விட்டேன்."

"சின்ன எழுத்துதானே?"

"சின்ன எழுத்துதான்."

"நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க. பதட்டத்துல வேற ஏதாவது அடிச்சிருப்பீங்க."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க இந்த மெஷின்ல அடிச்சப்ப வந்துச்சே சார். கண்ணால பார்த்தேனே."

"அதான் சொல்றேன். இங்க வந்துச்சு. அங்க வரலைன்னா நீங்க அடிச்சதுலதான் ஏதோ தப்பு."

இந்த வாக்கியத்தைச் சொன்ன என் வாயை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. உரிமையாளர் உள்ளறையிலிருந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ஏம்மா, ஐநூறு பேர் இந்த புக்கைப் படிச்சிட்டுப் போயிருக்காங்க. ஒருத்தரும் வந்து கேக்கலை" என்றார்.

"மத்தவங்க யாரும் யூனிக்ஸ் வேலைக்குப் போகலையே சார்" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. கையேட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து அவருக்கு வேலை போய்விட்டது என்று அவர் அண்ணன் கடைப்பக்கம் கேள்விப்பட்டேன். கவனக்குறைவு என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்தார்களாம். உரிமையாளர் வாசலில் இருந்த தட்டியை மட்டும் எடுத்துவிட்டார். கையேடு மறுபதிப்பு வந்தது. அட்டை நிறம் மாறியது.

நான் உடனே வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. இன்னும் நான்கு வருடம் அதே கம்பளத்தில் உட்கார்ந்து, அதே மஞ்சள் உறையை எடுத்து, அதே அட்டவணையைக் கரும்பலகையில் எழுதினேன். பன்னிரண்டாவது வரி வரும்போது மட்டும் வேகமாக எழுதுவேன். யாராவது கேள்வி கேட்டால் எரிந்து விழுவேன். மாணவர்கள் என்னைக் கண்டிப்பானவர் என்று நினைத்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் வீட்டுக்கு ஒரு பழைய கணினி வாங்கினேன். அப்போது கணினிப் பத்திரிகைகளோடு லினக்ஸ் குறுவட்டு இலவசமாக வரும். லினக்ஸ் யூனிக்ஸின் வழியில் எழுதப்பட்டது, கட்டளைகளும் அதேதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போராடி அதை நிறுவினேன். வாழ்க்கையில் முதல்முறையாக நிஜமான டாலர் குறியைப் பார்த்தேன். கட்டளைகளுக்கு விளக்கம் அதிலேயே இருந்தது. 'ஆர்எம்' என்று கொடுத்துப் படித்தேன். 'ஆர்' என்ற எழுத்துக்கு எதிரே 'ரெகர்சிவ்' என்று இருந்தது. டைரக்டரிக்குள் போய், அதற்குள் இருக்கும் அறைகளுக்குள்ளும் போய், ஒன்று விடாமல் எல்லாவற்றையும் அழிப்பது. அதுவும் ஆர், இ, சி என்றுதான் தொடங்குகிறது.

அப்படியும் நம்பாமல் ஒரு டைரக்டரி உண்டாக்கி, அதில் மூன்று ஃபைல் வைத்து, ஒன்றை அழித்தேன். பிறகு என் அட்டவணையில் உள்ளபடி அடித்தேன். டாலர் குறி சட்டென்று அடுத்த வரியில் வந்து நின்றது. ஒரு சத்தமில்லை, ஒரு கேள்வியில்லை. டைரக்டரி இல்லை. அக்கா அந்த முனையத்தின் முன்னால் முதல் எழுத்தைக் கேட்கும் என்று காத்திருந்தது ஞாபகம் வந்தது. நான் எழுந்துபோய்க் குழாயடியில் வாய் கொப்பளித்தேன்.

மறுநாள் மதியம் அவரைத் தேடிப் போனேன். அண்ணன் கடைக்குப் பின்சந்தில் கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். இரண்டு கணினி, இரண்டிலும் விண்டோஸ். என்னைப் பார்த்ததும் "வாங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அக்கா, அந்தப் பன்னிரண்டாவது வித்தியாசம் தப்பு. நான் யூகத்துல எழுதினது. நீங்க அடிச்சது சரிதான். அழிஞ்சதுக்குக் காரணம் நான்தான்."

"தெரியும் சார்" என்றார்.

"தெரியுமா? எப்ப தெரிஞ்சது?"

"உங்ககிட்ட வந்து கேக்குறதுக்கு முன்னாடியே. சனிக்கிழமையே மெட்ராஸ்ல இருந்து இன்ஜினியர் வந்துட்டாரு. நான் என்ன அடிச்சேன்னு கேட்டாரு, சொன்னேன். புக்கைத் திறந்து ஆர்னா என்னன்னு காட்டினாரு."

"அப்புறம் ஏன் என்கிட்ட சந்தேகம்னு வந்தீங்க?"

அவர் திரையில் இருந்த பத்திரிகையைச் சேமித்துவிட்டுத் திரும்பினார். "அந்த இன்ஜினியர் நல்ல மனுஷன் சார். இது உன் தப்பில்லம்மா, சொல்லிக் குடுத்த இடத்துல தப்பாச் சொல்லிக் குடுத்துட்டோம்னு ரெண்டு வரி எழுதி வாங்கிட்டு வா, வேலை போகாம நான் பேசுறேன்னாரு. நேரா எழுதிக் குடுங்கன்னு கேட்டா சங்கடப்படுவீங்களேன்னு நினைச்சேன். சந்தேகம்னு கேட்டா நீங்களே சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன்."

என் மேலேயே அப்படி ஒரு அருவருப்பு அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. நான் சங்கடப்படக் கூடாது என்று யோசித்துப் பேசியவரிடம்தான் பதட்டத்தில் அடித்திருப்பீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

"இப்ப எழுதித் தரேன் அக்கா" என்றேன்.

"இப்ப எதுக்கு சார்? அங்க யூனிக்ஸே எடுத்துட்டாங்க. எல்லாம் விண்டோஸ் ஆயிடுச்சு." பிறகு கேட்டார்: "அந்த புக்கு இன்னும் விக்கிறீங்களா?"

"விக்கிறாங்க."

"நீங்க அங்கதானே இருக்கீங்க?"

"ஆமா."

வாடிக்கையாளர் ஒருவர் பத்திரிகைத் திருத்தத்தோடு வந்தார். நான் கிளம்பினேன்.

உரிமையாளரிடம் சொன்னேன். "அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம் தம்பி, இப்ப எரநூறு காப்பி கெடக்குது" என்றார். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் அலமாரியில் இருந்த கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டாவது வரியைக் கறுப்பு மையால் அழிக்க ஆரம்பித்தேன். அவர் திரும்பி வந்தபோது பாதிக்கு மேல் முடிந்திருந்தது. ஒரு பிரதியை எடுத்துப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போ தம்பி. நாளைக்கு வர வேணாம்" என்றார்.

மஞ்சள் உறை போட்ட கணினியில் என் முப்பது போலி ஃபைல்களையும் அழித்துவிட்டுக் கிளம்பினேன். அதையாவது சரியாகச் செய்தேன். பிறகு ஒரு பள்ளியில் கணித ஆசிரியராகச் சேர்ந்தேன். கணினி சொல்லிக்கொடுக்கக் கேட்டபோது மறுத்துவிட்டேன்.

சில வருடம் கழித்து ஒரு தேர்வு வேலைக்காகக் கீழ்பென்னாத்தூர் போனபோது, பேருந்து நிறுத்தத்தின் புத்தகக் கடையில் கணினி வழிகாட்டி ஒன்று தொங்கியது. யாரோ முன்பின் தெரியாதவர் எழுதியது. எடுத்துப் புரட்டினேன். இயங்குதளங்களின் ஒப்பீடு இருந்தது. என் அட்டவணைதான், என் வாக்கியங்கள்தான். வித்தியாசங்கள் மட்டும் பதினைந்தாகியிருந்தன. பன்னிரண்டாவது அப்படியே இருந்தது. புதிதாகச் சேர்த்த மூன்றில் இரண்டு எனக்கே தெரியும், பொய். அவருக்கும் ஒரு முதலாளி, ஒரு மாலை நேரக் கெடு இருந்திருக்க வேண்டும்.

பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். பக்கத்தில் தொங்கிய இன்னும் நான்கு பிரதிகளிலும் அடித்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன சார் பண்றீங்க? புது புக்கு அது."

"இது தப்புங்க. யாராவது அடிச்சா எல்லாம் அழிஞ்சிடும்."

"தப்போ ரைட்டோ, கிறுக்கினதை யாரு வாங்குவா? அஞ்சுக்கும் காசு குடுத்துட்டுப் போங்க."

கொடுத்தேன். ஐந்தையும் ஒரு கட்டாகக் கட்டிக் கொடுத்தார். பதிப்பகத்துக்கு விளக்கமாக ஒரு கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. அடுத்த வருடம் அதே கடையில் புதிய பதிப்பு வந்திருந்தது. எடுத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.